அணிவகுப்பில் விடுபட்ட அரசனும் அரசியும்

பாஸ்க் மக்களின் வரலாறு – பகுதி 27

பைரனீஸ் மலைத்தொடரின் மேற்கு முனையில், ஸ்பெயினுக்குள் நான்கும் பிரான்சுக்குள் மூன்றுமாகப் பிரிந்து கிடக்கும் ஏழு மாகாணங்களைத் தாயகமாகக் கொண்ட பாஸ்க் மக்கள், தாங்கள் யார் என்ற கேள்விக்கு எல்லாக் காலத்திலும் ஒரே விடையைச் சொல்லிவந்தவர்கள் அல்லர். 1895இல் பாஸ்க் தேசியக் கட்சியைத் தோற்றுவித்த சபினோ அரானா, அக்கேள்விக்கு இரத்தத்தை விடையாக வைத்தார். 1959இல் தோன்றிய எட்டா இயக்கம் மொழியை வைத்தது. 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் சான் செபாஸ்தியான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட ‘பிளாக் இஸ் பெல்ட்சா’ என்னும் அசைவூட்டத் திரைப்படம், உலகின் பிற ஒடுக்கப்பட்டோருடன் கொள்ளும் தோழமையை விடையாக வைக்க முயன்றது. எட்டா தன்னை முற்றாகக் கலைத்துக்கொள்வதாக அறிவித்த 2018 மே மாத நிகழ்வோடு இத்தொடரின் சென்ற பகுதி நிறைவுற்றது. அந்த அறிவிப்புக்குப் பின் ஐந்து மாதங்கள் முடிவதற்குள் வெளிவந்த இப்படம், ஆயுதப் போராட்டம் மறைந்த பிறகு எதிர்ப்பின் நினைவை எவ்வடிவில் பாதுகாப்பது என்று பாஸ்க் சமூகத்தில் எழுந்த விவாதத்தின் முதல் ஆவணங்களுள் ஒன்றாக வைத்துப் படிக்கத்தக்கது.

கோட்டோவியங்களை நொடிக்குப் பல சட்டகங்களாக ஓட்டி அசைவைத் தோற்றுவிக்கும் இக்கலைவடிவம் பெரும்பாலான நாடுகளில் சிறுவர்களுக்கு உரியதாகவே கருதப்பட்டுவந்தது; வன்முறை, பாலுறவு, அரசியல் ஆகியவற்றை நேரடியாகக் கையாளும் வளர்ந்தோருக்கான அசைவூட்டம் அதன் இளைய கிளை. ‘பிளாக் இஸ் பெல்ட்சா’ அக்கிளையைச் சேர்ந்தது. அதன் இயக்குநர் ஃபெர்மின் முகுருசா, திரைத்துறையிலிருந்து வந்தவர் அல்லர். பாஸ்க் ராக் இசையின் முதன்மைக் குரல்களுள் ஒருவராக அறியப்பட்டவர். எழுத்தாளர் ஹார்காய்ட்ஸ் கானோவும், அர்ஜென்டினாவில் பிறந்து மெக்சிகோவில் பணியாற்றும் ஓவியர் ஹோர்ஹே அல்தெரெத்தேவும் அவருடன் இணைந்து 2014இல் வெளியிட்ட சித்திரப் புதினமே படத்துக்கு மூலம். ‘பெல்ட்சா’ என்பது பாஸ்க் மொழியாகிய எவுஸ்கராவில் கறுப்பு என்று பொருள்படும் சொல். 1960களின் அமெரிக்கக் கறுப்பின இயக்கம் தன் நிறத்தைப் பெருமையாக முழங்கிய வாசகத்தோடு அதனைப் பொருத்தித் தலைப்பு அமைக்கப்பட்டது.

கதையின் வேர் நவாரா மாகாணத்தின் தலைநகரான பாம்பலோனாவில் இருக்கிறது. எவுஸ்கராவில் இருன்யா எனப்படும் இந்நகரில் ஆண்டுதோறும் ஜூலை 6 முதல் 14 வரை நடைபெறும் சான் ஃபெர்மின் திருவிழாவை, காளைகளின் ஓட்டத்தைக் கொண்டே வெளியுலகம் அறிந்துள்ளது. ஆனால் நகரத்துக் குழந்தைகளுக்கு விழா என்பது காலைதோறும் தெருக்களில் ஆடிவரும் பூதவுருக்கள்தாம். 1860இல் ததெயோ அமோரேனா என்னும் கைவினைஞர் செய்தளித்த எட்டு உருவங்கள் இன்றளவும் பயன்பாட்டில் உள்ளன. ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா ஆகிய நான்கு கண்டங்களின் அரசனும் அரசியுமாக அவை இணை இணையாக அமைந்தவை. ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரமுள்ள ஒவ்வோர் உருவத்தின் பாவாடைக்குள்ளும் ஒருவர் புகுந்து, தோளில் அதன் பாரம் முழுவதையும் தாங்கிக்கொண்டு, குழலிசைக்கும் முரசொலிக்கும் ஏற்பச் சுழன்று ஆடுவார். ஆடுபவரின் முகம் வெளியே தெரியாது. பெரிய தலை மட்டும் மாட்டிக்கொண்டு குழந்தைகளைத் துரத்தும் துணைப் பாத்திரங்கள் உருவங்களுக்கு முன்னும் பின்னும் செல்வதுண்டு. எட்டு உருவங்களும் ஒருங்கே செல்வதுதான் மரபு. உலகம் முழுவதும் அந்நகரத்தின் வீதியில் கூடி ஆடுவதாகப் பொருள்படுவதும் அந்த ஒருமிப்பால்தான்.

1965 அக்டோபரில் இவ்வுருவங்களைச் சுமந்தாடும் குழுவினர் நியூயார்க் நகரின் ஐந்தாம் நிழற்சாலையில் அணிவகுத்துச் செல்ல அழைக்கப்பட்டார்கள். ஆனால் கறுப்பு நிறம் தீட்டப்பட்ட அரசனும் அரசியும் அங்கே ஆடவில்லை. படம் இந்நிகழ்வை அமெரிக்க அதிகாரிகள் இனப் பாகுபாட்டின் காரணமாக விதித்த தடையாகக் காட்டுகிறது. அந்த இரண்டு உருவங்களுள் ஒன்றைச் சுமக்கும் பொறுப்பிலிருந்த மானெஷ் என்னும் கற்பனை இளைஞனின் கோபத்திலிருந்து கதையைத் தொடங்குகிறது. தான் சுமந்தாட வேண்டிய உருவம் தடுக்கப்பட்டபோதுதான் தானும் தடுக்கப்பட்டவன் என்று ஒரு பாஸ்க் இளைஞன் உணர்கிறான் என்பதே படத்தின் அடித்தளம். அதன் முழு எடையை உணர்வதற்கு அந்த அக்டோபரின் அரசியல் சூழலைச் சற்று விரிவாகவே காண வேண்டியுள்ளது.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் வென்ற ஜெனரல் ஃபிராங்கோவின் ஆட்சி, இரண்டாம் உலகப்போர் முடிந்த ஆண்டுகளில் ஹிட்லரின் நட்பு நாடாகக் கருதப்பட்டு ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தது. பனிப்போர் தீவிரமடைந்ததும் நிலைமை மாறியது: 1953 செப்டம்பரில் கையெழுத்தான மாட்ரிட் உடன்படிக்கையின்படி அமெரிக்கா ஸ்பானிய மண்ணில் இராணுவத் தளங்களை அமைத்துக்கொண்டது, 1955இல் ஸ்பெயின் ஐக்கிய நாடுகள் அவையில் சேர்க்கப்பட்டது. 1964இல் ‘அமைதியின் 25 ஆண்டுகள்’ என்ற பெயரில் ஃபிராங்கோ அரசு பெரும் பரப்புரையை நடத்தியது. அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் நடைபெற்ற நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஸ்பெயினின் கலைக்கூடம் பெரும் பாராட்டைப் பெற்றது. திருவிழாக்களும் நடனங்களும் ஓவியங்களும் நிறைந்த ஒளிமிக்க நாடாகத் தன்னைக் காட்டிக்கொள்ள அந்த அரசு விரும்பிய காலத்தில்தான் பாம்பலோனாவின் பூதவுருக்கள் அட்லாண்டிக் கடலைத் தாண்டின.

அவை பாம்பலோனாவிலிருந்து சென்றன என்பதும் கவனத்துக்குரியது. 1936 இராணுவக் கலகத்தின் சூத்திரதாரியான ஜெனரல் மோலா அந்நகரிலிருந்தே திட்டம் வகுத்தார். கார்லிஸ்ட்டுகள் எனப்படும் மரபுவாத முடியாட்சியாளர்கள் நவாராவிலிருந்து ஆயிரக்கணக்கில் திரண்டு கலகக்காரர்களுடன் சேர்ந்தார்கள். 1937 ஜூனில் பில்பாவோ வீழ்ந்ததும், குடியரசின் பக்கம் நின்ற பிஸ்காயா, கிபுஸ்கோவா ஆகிய இரு மாகாணங்களையும் துரோக மாகாணங்களாகக் கருதி அவற்றின் நிதித் தன்னுரிமையை ஃபிராங்கோ பறித்தார். நவாராவும் ஆராபாவும் தங்கள் உரிமைகளை இழக்கவில்லை. ஆகவே பாஸ்க் அடையாளத்தின் பெயரால் பேசும் ஒரு படம், கெர்னிகாவையோ பில்பாவோவையோ விட்டுவிட்டு, ஆட்சியாளருக்கு உகந்ததாயிருந்த இந்நகரத்தைத் தொடக்கப்புள்ளியாகக் கொண்டது துணிவான தேர்வு. ஒடுக்குமுறைக்குத் துணைநின்ற மண்ணிலிருந்தும் எதிர்ப்பு முளைக்கக்கூடும் என்ற எண்ணம் அத்தேர்வில் அடங்கியுள்ளது. பின்னாளில் நவாராவின் தொழிற்சாலைகளில் எழுந்த வேலைநிறுத்தங்கள் அதனை மெய்ப்பிக்கவும் செய்தன.

நியூயார்க்கும் பாஸ்க் வரலாற்றுக்குப் புதிய நகரம் அன்று. நாடுகடந்த பாஸ்க் அரசின் தலைவர் ஹோசே அன்டோனியோ அகிர்ரே, நாஜிகளின் கண்ணில் படாமல் ஐரோப்பாவைக் கடந்து, 1941இல் அந்நகரை அடைந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அவ்வரசின் நியூயார்க் பிரதிநிதியாக விளங்கிய ஹெசுஸ் கலிந்தெஸ், டொமினிகன் குடியரசின் சர்வாதிகாரி துருஹியோவைப் பற்றி ஆய்வேடு எழுதியவர். 1956 மார்ச் 12ஆம் நாள் மன்ஹாட்டனில் அவர் கடத்தப்பட்டார். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அமெரிக்காவின் ஆதரவை நம்பிப் போர்க்காலத்தில் அந்நாட்டு உளவுத்துறைக்கு உதவிய பாஸ்க் அரசு, மாட்ரிட் உடன்படிக்கைக்குப் பின் கைவிடப்பட்டதற்கு அவருடைய முடிவு ஓர் அடையாளமாகவே நின்றது. இன்னொன்றையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 1937 ஏப்ரல் 26 அன்று ஜெர்மானியக் கொண்டோர் படைப்பிரிவின் குண்டுவீச்சில் எரிந்த பாஸ்க் ஊரின் பெயர் தாங்கிய பிக்காசோவின் ‘கெர்னிகா’ ஓவியம், ஸ்பெயினில் குடியாட்சி திரும்பும்வரை அங்கே செல்லலாகாது என்ற ஓவியரின் நிபந்தனைப்படி, அப்போது நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அருங்காட்சியகம் இருப்பது ஐந்தாம் நிழற்சாலையை ஒட்டிய தெருவில். ஃபிராங்கோ அரசு உலகுக்குக் காட்ட விரும்பிய ஸ்பெயின் பெருஞ்சாலையில் ஆடிச்செல்ல, அது மறைக்க விரும்பிய ஸ்பெயின் பக்கத்துத் தெருவின் சுவரில் இருந்தது.

அமெரிக்காவுக்கும் அது கொந்தளிப்பான ஆண்டு. 1965 பிப்ரவரி 21 அன்று மன்ஹாட்டனின் ஆடுபான் அரங்கில் மால்கம் எக்ஸ் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 6 அன்று கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம் கையெழுத்தானது. அடுத்த வாரமே லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் வெடித்த கலவரத்தில் 34 பேர் உயிரிழந்தனர். சட்டத்தில் சமத்துவமும் தெருவில் துப்பாக்கியுமாக அந்நாடு நின்ற நேரத்தில், இரண்டு கறுப்புப் பொம்மைகள் ஊர்வலத்தில் இடம்பெறாமல் போனது மேலோட்டமாகப் பார்த்தால் சிறிய செய்தி. அந்தச் சிறிய செய்திக்குள் இரண்டு நாடுகளின் ஒடுக்குமுறை ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டதைக் கண்டறிந்ததுதான் முகுருசா குழுவினரின் அரிய பார்வை.

இரத்தத்திலிருந்து விலகிய வழி

1965ஆம் ஆண்டு சபினோ அரானா பிறந்த நூற்றாண்டும் ஆகும். இத்தொடரின் தொடக்கப் பகுதிகளில் கண்டவாறு, பில்பாவோவின் இரும்புச் சுரங்கங்களையும் உருக்காலைகளையும் நாடி வந்த காஸ்டிலியத் தொழிலாளர்களை அரானா தாழ்ந்த இனத்தவராக இகழ்ந்து எழுதினார். அவர் 1890களில் அமைத்த சங்கத்தின் முழு உறுப்பினராவதற்குப் பாட்டன் பாட்டியர் நால்வரின் குடும்பப் பெயரும் பாஸ்க் பெயராக இருத்தல் வேண்டும் என்று விதிக்கப்பட்டிருந்தது. பாஸ்க் தேசியத்தின் தந்தை எனப் போற்றப்படுபவரின் எழுத்தில் இனவெறி ஓர் ஓரத்துக் கறையாக இல்லாமல் கட்டுமானத்தின் அடிக்கல்லாகவே இருந்தது என்பதை மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி.

அந்த அடிக்கல்லை மாற்றும் முயற்சி 1960களில் நடந்தது. ஃபெடரிகோ குருட்விக் 1963இல் புனைபெயரில் வெளியிட்ட ‘வாஸ்கோனியா’ என்னும் நூல் இனத்தை ஒதுக்கி மொழியை மையமாக்கியது; காலனி ஆதிக்கத்துக்கு எதிராக அல்ஜீரியர்களும் கியூபர்களும் வியட்நாமியர்களும் நடத்திய கெரில்லாப் போரைப் பாஸ்க் நாட்டுக்கு முன்மாதிரியாகக் காட்டியது. தாக்குதல் ஒடுக்குமுறையை வரவழைக்கும், ஒடுக்குமுறை மக்களைத் திரட்டும், திரண்ட மக்கள் மேலும் பெரிய தாக்குதலுக்கு வழிவகுப்பர் என்ற சுழற்சிக் கோட்பாட்டை எட்டா தன் நான்காம் பேரவையில் ஏற்றது 1965இல்தான். 1966 டிசம்பருக்கும் 1967 மார்ச்சுக்கும் இடையே இரு கட்டங்களாகக் கூடிய ஐந்தாம் பேரவை, மூன்றாம் உலக விடுதலை இயக்கங்களோடு தன்னை இன்னும் நெருக்கமாகப் பிணைத்தது. மானெஷின் கதை நிகழும் காலமும் இதுவே. ஹார்லெமின் கொந்தளிப்பு, ஆண்டி வார்ஹோலின் கலைக்கூடத்தில் கூடிய விசித்திர மனிதர்கள், கியூப உளவுத்துறைக்கும் கறுப்புச் சிறுத்தைகளுக்கும் இடையிலான உறவு, மனமயக்கப் பொருள்களில் புதிய உலகைத் தேடிய இளைஞர் கூட்டம் என்று அவன் செல்லும் இடமெல்லாம் அந்தப் பத்தாண்டின் எதிர்ப்பு மரபுகள் அவனை ஏற்றுக்கொள்கின்றன. நாட்டை விட்டு வெளியேறிய பிறகே தன் நாட்டை அறியும் இந்தப் பயணத்தில், குருட்விக்கின் நூலில் கோட்பாடாக இருந்தது மனித உறவாக மாறுகிறது. இரத்தத் தூய்மையைக் காப்பதற்காகத் தொடங்கப்பட்ட ஒரு தேசியத்தின் வழித்தோன்றல், கறுப்பு அரசிக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பைத் தன் அவமதிப்பாகக் கொள்வதில்தான் இப்படத்தின் வரலாற்றுப் பெறுமதி இருக்கிறது. அரானாவின் பெயரைச் சொல்லாமலேயே அவருக்கு அளிக்கப்பட்ட மறுப்பு அது.

முகுருசாவுக்கு இந்தப் பார்வை திடீரென வந்ததன்று. 1963இல் எல்லை நகரமான இருனில் பிறந்த அவர், 1980களின் நடுவில் தம்பி இன்யிகோவுடன் சேர்ந்து அமைத்த கோர்டாட்டு இசைக்குழுவில் ஜமைக்காவின் ஸ்கா, ரெக்கே இசையையும் இங்கிலாந்தின் பங்க் இசையையும் பாஸ்க் அரசியலோடு கலந்தார். 1985 ஜூலை 7 அன்று, சான் ஃபெர்மின் நாளில், மார்டுட்டேனே சிறையில் நடந்த இசைநிகழ்ச்சிக்குப் பின் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குள் ஒளிந்து இரு எட்டா கைதிகள் தப்பினர். அவர்களுள் ஒருவரான எழுத்தாளர் ஹோசெபா சரியோனான்டியாவைக் குறித்துக் கோர்டாட்டு பாடிய பாடல் ஊர்த் திருவிழாக்கள் தோறும் ஒலித்தது. மூன்று பத்தாண்டுகள் தலைமறைவாயிருந்த அந்த எழுத்தாளர் ஹவானாவில் வாழ்கிறார் என்பது 2016இல் வெளிப்பட்டது. 2021இல் அவர் நாடு திரும்பினார். படத்தில் கியூபா பெறும் இடத்துக்குப் பின்னால் இத்தகைய மெய்யான புலம்பெயர் வாழ்வுகள் உண்டு.

கோர்டாட்டு கலைந்த பின், 1990இல் முகுருசா தொடங்கிய நெகு கோரியாக் குழு முற்றிலும் எவுஸ்கராவிலேயே பாடியது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஹிப்-ஹாப் இசையிலிருந்து சொல்முறையையும் சினத்தையும் கற்றுக்கொண்டது. அக்குழுவின் பாடலொன்று, சான் செபாஸ்தியானில் இன்சாவுரொண்டோ படைமுகாமின் தளபதியாயிருந்த சிவில் கார்டு அதிகாரி என்ரிக்கே ரொட்ரிகெஸ் கலிண்டோவைப் போதைப்பொருள் கடத்தலோடு தொடர்புபடுத்தியது என்று அவர் வழக்குத் தொடுத்தார். 1.5 கோடி பெசெட்டா இழப்பீடு வழங்கும்படி குழுவுக்கு விதிக்கப்பட்ட தீர்ப்பு, 2000இல் உச்ச நீதிமன்றத்தில் செல்லாததாயிற்று. அதே 2000ஆம் ஆண்டில் கலிண்டோ வேறொரு வழக்கில் 71 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்: 1983இல் பிரான்சின் பயோன் நகரிலிருந்து லாசா, சபாலா என்னும் இரு இளைஞர்கள் கடத்தப்பட்டு, சித்திரவதை செய்யப்பட்டு, சுட்டுக்கொல்லப்பட்டு, அலிகாந்தே அருகே சுட்ட சுண்ணாம்பில் புதைக்கப்பட்ட வழக்கு அது. காவல்துறையினரையும் கூலிப்படையினரையும் கொண்டு இயங்கி, 1983 முதல் 1987 வரை 27 பேரைக் கொன்ற கால் எனப்படும் இரகசிய அமைப்பின் முதற்பலிகள் அவ்விருவரும். திரைக்கதையாசிரியர் கானோ 2011இல் எழுதிய ‘ட்விஸ்ட்’ புதினத்துக்கு வித்திட்டதும் இக்கொலைகளே. இப்படத்தின் ஆசிரியர்கள் அரசு வன்முறையைச் செய்தித்தாளில் படித்து அறிந்தவர்கள் அல்லர் என்பதற்கு இவ்விவரங்கள் போதும்.

கோட்டோவியத்தின் வசதி

பாஸ்க் திரைப்படத்துக்கு அசைவூட்டம் ஏன் தேவைப்பட்டது என்ற கேள்விக்குத் தணிக்கையின் வரலாற்றிலும் பணத்தின் கணக்கிலும் விடை தேட வேண்டும். பொதுமக்களிடம் திரட்டிய நிதியால் உருவாகி 1968இல் வெளிவந்த ‘அமா லூர்’ என்னும் முழுநீள ஆவணப்படத்தில் ஸ்பெயின் என்ற சொல்லை வலிந்து இடம்பெறச் செய்தார்கள் ஃபிராங்கோவின் தணிக்கையாளர்கள். தன்னாட்சி கிடைத்த பிறகு, 1985இல் ஹுவான்பா பெரசாதேகி இயக்கிய ‘கலபாசா திரிபோன்ட்சியா’ முழுநீளப் பாஸ்க் அசைவூட்டத்துக்கு வழி திறந்தது; ஆயினும் அது சிறுவர்களை நோக்கிய படைப்பு. எவுஸ்கரா பேசுவோர் பத்து லட்சத்தை எட்டாத ஒரு சமூகத்தின் திரைத்துறை, 1965ஆம் ஆண்டின் நியூயார்க்கையும் ஹவானாவையும் மெக்சிகோவையும் அரங்கமைத்துப் படமாக்குவது எளிதன்று. வரைபவரின் கைக்கோ எல்லா நகரங்களும் ஒரே தூரம்தான்.

அல்தெரெத்தேவின் ஓவியப்பாணி இதற்கு மிகவும் பொருந்தியது. இசைத்தட்டு உறைகளிலும் மெக்சிகோவின் முகமூடி மல்யுத்தச் சுவரொட்டிகளிலும் பயின்ற தடித்த கோடும் தட்டையான அடர்நிறமும் அவருடையவை. அந்தப் பாணியில் மரத்தாலான பூதவுருவமும் அதனைச் சுமக்கும் மனிதனும் ஒரே வகைக் கோட்டால் ஆனவர்கள். நடிகரையும் பொம்மையையும் அருகருகே நிறுத்தும் படத்தில் பொம்மை பொம்மையாகவே தோன்றும், இங்கே அவ்வேறுபாடு கரைந்துவிடுகிறது. கறுப்பு அரசன் விலக்கப்படும்போது பார்வையாளருக்கு ஒரு மனிதன் விலக்கப்பட்ட உணர்வு தோன்றுவது இதனால்தான்.

குறைகளும் உண்டு. வரலாற்றில் பெயர் பெற்ற மனிதர்களும் இடங்களும் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து வருவதால், எதுவும் ஆழ்ந்து பார்க்கப்படாமல் உளவுக் கதையின் வேகத்தில் கடந்துபோகிறது. பெண்கள் மானெஷின் பயணத்துக்குத் துணையாகவும் இச்சைக்கு இலக்காகவும் வருமளவுக்குத் தமக்கெனச் சிந்திப்பவர்களாக வருவதில்லை. புரட்சியின் மீதான 1960களின் ஈர்ப்பு படத்தில் முழு ஒளியோடு நிற்கிறது. அதே ஈர்ப்பிலிருந்து கிளைத்த எட்டாவின் ஆயுதப் போராட்டம் அடுத்த நான்கு பத்தாண்டுகளில் 850 பேர் அளவுக்கு உயிர்களைப் பறித்தது என்ற உண்மையின் நிழல் அந்த ஒளியில் விழவில்லை. கதையின் காலம் அதற்கு முந்தியது என்று வாதிடலாம். எனினும் 2018இல் படைக்கப்பட்ட ஒன்றுக்கு 2018இன் அறிவு இருந்தாக வேண்டும். இவ்விடத்தில் படம் தன் கடமையில் பாதியையே செய்தது என்று கூறுவதில் தவறில்லை.

ஐனோவாவின் ஆண்டு

2022இல் வெளிவந்த இரண்டாம் படமான ‘பிளாக் இஸ் பெல்ட்சா II: ஐனோவா’ முதற்படத்தின் குறைகளுள் ஒன்றையேனும் உணர்ந்து எழுதப்பட்டது. அதன் மையத்தில் நிற்பவள் மானெஷின் மகள். தாய் அமாண்டா துணைக்காவல் கும்பலின் செயலெனச் சந்தேகிக்கப்படும் தாக்குதலில் இறக்க, பொலிவியாவின் லா பாஸ் நகரில் பிழைத்துப் பிறந்து, கியூபாவில் வளர்ந்த ஐனோவா, 1988இல் தன் 21ஆம் வயதில் தந்தையின் நாட்டைக் காண வருகிறாள். அங்கே ஹோசுனே என்னும் இளம் பத்திரிகையாளரின் நட்பு கிடைக்கிறது. ஹோசுனேயின் காதலன் ஹெராயின் மிகையால் இறந்துபோக, இரு பெண்களும் பெய்ரூட், காபூல், மார்செய் எனப் போதைப்பொருளின் தடத்தில் பயணம் செய்கிறார்கள். உள்நாட்டுப் போர் பதின்மூன்றாம் ஆண்டை எட்டியிருந்த லெபனானும், சோவியத் படைகள் வெளியேறத் தொடங்கியிருந்த ஆப்கானிஸ்தானும், ஐரோப்பாவின் பழைய ஹெராயின் துறைமுகமும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகக் காட்டப்படுகின்றன. முதற்படத்தில் உலகப் புரட்சியின் தடம். இதில் அப்புரட்சி தோற்ற பின் உலகைச் சுற்றிய நஞ்சின் தடம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில்தான் முகுருசாவின் வரலாற்று நோக்கு முழுமையாகப் புலப்படுகிறது.

1980களில் பாஸ்க் தொழில் நகரங்களில் உருக்காலைகளும் கப்பல் கட்டும் தளங்களும் மூடப்பட்டு இளைஞர்கள் வேலையின்றி நின்ற காலத்தில் ஹெராயின் பரவியது. ஊசி வழியே எய்ட்ஸும் பரவ, ஒரு தலைமுறையின் கணிசமான பகுதி மாண்டது. முகுருசாவின் ரசிகர்களும் சக இசைஞர்களும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்கள். போராடும் இளைஞர்களை முடக்குவதற்காக அரசே அந்த நஞ்சைப் பரப்பியது என்ற நம்பிக்கை இடதுசாரித் தேசியவாதிகளிடையே வேரூன்றியிருந்தது; படமும் போதைக் கடத்தலுக்கும் அரசியல் சதிகளுக்கும் நெருங்கிய தொடர்பு காட்டுகிறது. நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லை என்று ஒதுக்குவதற்கில்லை: இன்சாவுரொண்டோ முகாமைச் சேர்ந்த சிலருக்குக் கடத்தலோடு தொடர்பிருக்கலாம் என்று 1989இல் அரசு வழக்கறிஞர் லூயிஸ் நவாஹாஸ் ஓர் அறிக்கையிலேயே எழுதினார். ஆனால் சில அதிகாரிகளின் குற்றத்துக்கும் ஓர் அரசின் திட்டமிட்ட சதிக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. இப்பொருளைத் தனி நூலாகவே ஆராய்ந்த வரலாற்றாசிரியர் பாப்லோ கார்சியா வரேலா, சதிக்குச் சான்று இல்லை என்றும், போதை வியாபாரிகள் என்று தான் முத்திரை குத்தியவர்களைக் கொல்வதற்கு எட்டா அக்கதையைப் பயன்படுத்திக்கொண்டது என்றும் வாதிட்டார். கொல்லப்பட்டவர்களுள் பலர் மீது எந்த நீதிமன்றமும் தீர்ப்பளித்ததில்லை. அவர்களுடைய குடும்பத்தாரின் பார்வையிலிருந்து இப்படத்தைக் காண நேர்ந்தால், அதன் துயரம் ஒரு பக்கத்துத் துயரமாகவே தோன்றும்.

ஐனோவா வந்திறங்கும் ஆண்டுக்கும் அத்தகைய இரட்டை முகம் உண்டு. படம் காட்டும் 1988 காவல் சோதனைகளும் கைதுகளும் நிறைந்த ஆண்டு, அது மிகையன்று. அதற்கு முந்தைய ஆண்டில் எட்டா பார்சலோனாவின் இப்பெர்கோர் அங்காடியில் வைத்த குண்டு 21 பேரையும், சரகோசாவின் சிவில் கார்டு குடியிருப்பில் வைத்த குண்டு குழந்தைகள் உட்பட 11 பேரையும் கொன்றிருந்தன. 1988 ஜனவரியில் எட்டாவுக்கு நெருக்கமான எர்ரி பட்டாசுனா கட்சி நீங்கலாகப் பாஸ்க் நாடாளுமன்றத்தின் கட்சிகள் அஹூரியா எனேயா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, மக்களின் பெயரால் பேச எட்டாவுக்கு உரிமையில்லை என்று அறிவித்தன. இவற்றுள் ஒரு பக்கத்தை மட்டும் கொண்டு அவ்வாண்டை எழுதிவிட இயலாது. 2016இல் அராம்புரு எழுதிய ‘பாட்ரியா’ புதினமும், எட்டாவால் கணவரை இழந்த மனைவி கொலையாளியைச் சந்திப்பதைக் காட்டிய 2021ஆம் ஆண்டின் ‘மைஷாபெல்’ திரைப்படமும் மறுபக்கத்தை எழுதின. அவற்றுக்குக் கிடைத்த பெரும் வரவேற்பு, சித்திரவதைக்கு உள்ளானவர்களின் கதைகளுக்குக் கிடைத்ததில்லை என்பதும் உண்மை. பாஸ்க் அரசு ஒப்படைத்த பணியை ஏற்று, தடயவியல் மருத்துவர் பாக்கோ எட்செபெர்ரியாவின் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் குழு 2017 இறுதியில் அளித்த அறிக்கை, 1960க்கும் 2014க்கும் இடையே 4,113 சித்திரவதைப் புகார்களைப் பதிவு செய்தது. அவற்றுள் நீதிமன்றத்தில் தண்டனையில் முடிந்தவை மிகச் சில. இந்தச் சமமின்மையை எண்ணிப் பார்த்தால், முகுருசாவின் படங்கள் ஒருபக்கச் சாய்வுடையவை என்பதை ஒப்புக்கொண்ட பின்னும், அவை இல்லாதிருந்தால் ஒரு பெரும் பகுதி நினைவு திரையேறாமலேயே போயிருக்கும் என்பதை மறுக்க முடியாது.

ஹோசுனேயைப் பத்திரிகையாளராகப் படைத்ததற்கும் மெய்யான பின்னணி உண்டு. போதைக் கடத்தலையும் அரசு வன்முறையையும் துருவி எழுதிய ‘எகின்’ நாளிதழ் 1998இல் நீதிபதி பல்தசார் கார்சோனின் ஆணையால் மூடப்பட்டது. அம்மூடல் சட்டத்துக்கு மாறானது என்று உச்ச நீதிமன்றம் கூறியபோது 2009ஆம் ஆண்டாகிவிட்டது, அச்சு இயந்திரங்கள் துருப்பிடித்திருந்தன. முற்றிலும் எவுஸ்கராவில் வெளிவந்த ஒரே நாளிதழான ‘எகுன்கரியா’ 2003 பிப்ரவரி 20 அன்று மூடப்பட்டது. கைதான ஆசிரியர் மார்ட்செலோ ஒட்டமெண்டி, காவலில் தாம் சித்திரவதை செய்யப்பட்டதாக முறையிட்டார். 2010இல் குற்றம் சாட்டப்பட்டோர் அனைவரும் விடுதலையாயினர். அவருடைய புகாரை முறையாக விசாரிக்கத் தவறியதற்காக 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஸ்பெயினைக் கண்டித்தது. ஒரு மொழியின் ஒரே நாளிதழ் மூடப்பட்ட சில மாதங்களுக்குள் வாசகர்களின் பணத்தால் ‘பெர்ரியா’ என்னும் புதிய நாளிதழ் தோன்றியதும், அதற்கு முன்னும் பின்னும் நடந்த வழக்குகளும் அடுத்த பகுதியில் இடம்பெறும்.